மணலுக்குள் விழும் பட்டை: ஷியர் பேண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சிவில் படிக்கும் பிள்ளைகளும், பேஸ்மென்ட் தோண்டும் சைட்டுகளில் நிற்கும் இளம் எஞ்சினியர்களும் மண் பரிசோதனைக் கூடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மணல் உடைவது எப்படி என்று புரியாமலே உராய்வுக் கோணத்தை (சறுக்கலை மணல் எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டும் எண்) மட்டும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போகிற வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அது மாற வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஷியர் பேண்ட் என்றால் என்ன?

நன்றாகக் கிட்டித்த, அதாவது தட்டி நெருக்கமாக்கிய மணலை ரப்பர் உறைக்குள் உருளையாக நிரப்பி, சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து மெதுவாக அமுக்குகிறோம். டிரையாக்ஸியல் சோதனை என்பது இதுதான். முதலில் உருளை முழுவதும் ஒரே மாதிரி குறுகும், லேசாகப் பருக்கும். தாங்கும் விசை ஏறிக்கொண்டே போய் ஓர் உச்சத்தைத் தொடும். அதையொட்டி ரப்பர் உறையின் மேல் சாய்வாக ஒரு மடிப்பு தெரியத் தொடங்கும். அதற்குப் பிறகு மேல்பாதி ஒரு கட்டையாகவும் கீழ்ப்பாதி இன்னொரு கட்டையாகவும் ஆகி, நடுவிலுள்ள அந்தச் சாய்வான பகுதியில் மட்டும் மணல் சறுக்கும். அந்தக் குறுகிய பகுதிதான் ஷியர் பேண்ட், சறுக்குப் பட்டை.

அது விரிசல் இல்லை. உள்ளே துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. புத்தகங்களில் ஒற்றைக் கோடாக வரைவதால் அது தடிமனே இல்லாத தளம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தடிமன் உண்டு, அதை அளக்கவும் முடியும்.

எவ்வளவு தடிமன்?

துகளின் அளவைப் பொறுத்தது. சராசரித் துகள் விட்டத்தைப் போல் சுமார் 8 முதல் 20 மடங்கு வரை அளந்திருக்கிறார்கள்; பெரும்பாலும் 10 முதல் 15 மடங்குக்குள் அடங்கிவிடும்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. இந்தியா முழுவதும் சிமென்ட் சோதனைக்குப் பயன்படும், ஐ.எஸ். 650 என்ற இந்தியத் தரநிலைப்படியான மணல் எண்ணூர் மணல்தான். அதை மூன்று அளவுகளாகச் சலித்துத் தருகிறார்கள். இரண்டாம் தரம் 1 மி.மீ.க்கும் 0.5 மி.மீ.க்கும் இடைப்பட்டது. சராசரி 0.7 மி.மீ. என்று வைத்தால் பட்டை சுமார் 7 முதல் 10 மி.மீ. வரும். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. 38 மி.மீ. விட்டமுள்ள சாம்பிளில் இது பெரிய பகுதி; 10 மீட்டர் ஆழமுள்ள ஒரு தோண்டலின் பக்கத்திலோ கண்ணுக்கே தெரியாத மெல்லிய கோடு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மணல் சறுக்கும்போது விரிகிறது என்கிறார்கள். அமுக்கினால் சுருங்கத்தானே வேண்டும்?

மெரினாவில் அலை வந்து திரும்பியதும் ஈரமாக மினுங்கும் இறுகிய மணலில் காலை அழுத்தி வைத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளிறி, காய்ந்ததுபோல் ஆகும். தண்ணீர் எங்கேயும் ஓடிவிடவில்லை. நெருக்கமாக அடுக்கப்பட்ட துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறித்தான் போக வேண்டும். ஏறும்போது இடைவெளிகள் பெரிதாகின்றன. மேற்பரப்பில் நின்ற தண்ணீரை அந்த இடைவெளிகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன, அதனால்தான் மேலே காய்ந்ததுபோல் தெரிகிறது. காலை எடுத்ததும் தண்ணீர் மறுபடி மேலே வந்துவிடும்.

இதை 1885-இல் விளக்கி, டைலட்டன்சி என்று பெயரிட்டவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். நீரியலில் வரும் ரெனால்ட்ஸ் எண்ணுக்குச் சொந்தக்காரரும் அவரே. கிட்டித்த மணல் தளர்ந்த மணலைவிட அதிகம் தாங்குவதற்குக் காரணமும் இந்த ஏற்றம்தான்: வெறும் உராய்வோடு, பக்கவாட்டு அழுத்தத்தை எதிர்த்து விரியும் வேலையையும் அது செய்ய வேண்டியிருக்கிறது. போல்டன் 1986-இல் இதை எளிய வாய்ப்பாடாக்கினார். உச்ச உராய்வுக் கோணம் என்பது நிலைமாறா நிலையின் (விரிவு நின்று, கன அளவு மாறாமல் மணல் சறுக்கும் நிலையின்) கோணத்தோடு விரிவுக் கோணத்தின் (சறுக்கும்போது மணல் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதன் அளவின்) 0.8 பங்கைக் கூட்டினால் கிடைப்பது. குவார்ட்ஸ் மணலுக்கு நிலைமாறா நிலைக் கோணம் 33 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் வருவதெல்லாம் விரிவு கொடுத்த பலம். விரிவு நின்றால் அந்தக் கூடுதல் பலமும் போய்விடும்.

சரி, விரியட்டும். மொத்தச் சாம்பிளும் விரியாமல் ஒரே பட்டையில் மட்டும் ஏன்?

இந்தப் பக்கத்திலேயே நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

மேலிருந்து வரும் விசை எல்லாத் துகள்கள் வழியாகவும் சமமாக இறங்குவதில்லை. அமுக்கும் திசையில் சில துகள்கள் வரிசையாக நின்று சங்கிலி போலப் பெரும்பங்கைச் சுமக்கின்றன. மற்றவை அதிகம் சுமப்பதில்லை. சங்கிலி பக்கவாட்டில் சாயாமல் முட்டுக் கொடுக்கின்றன. அழுத்தம் பட்டால் ஒளியில் வண்ணக்கோடு காட்டும் பிளாஸ்டிக் வட்டுகளை அடுக்கி, இந்த விசைச் சங்கிலிகளை 1950-களிலேயே கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

இப்போது மணல் விரிகிறது. விரிய விரிய முட்டுக் கொடுக்கும் துகள்கள் விலகுகின்றன. முட்டு இல்லாத சங்கிலி, உயரமாக அடுக்கிய நாணயங்களைப் போல நடுவில் வளைந்து சரிகிறது. அது சுமந்த விசை பக்கத்துச் சங்கிலிமேல் விழுகிறது. அங்கேயும் முட்டு பலவீனம் என்றால் அதுவும் சரிகிறது. சரிந்த இடத்தில் மணல் இன்னும் தளர்கிறது, தளர்ந்த இடம் இன்னும் எளிதாகச் சறுக்குகிறது, சறுக்கினால் மேலும் தளர்கிறது. இதே நேரத்தில் பட்டைக்கு வெளியே என்ன நடக்கிறது? மொத்தத் தாங்குவிசை உச்சத்திலிருந்து இறங்குகிறது, ஆகவே வெளியிலுள்ள மணலின் மேல் பாரம் குறைகிறது. பாரம் குறைந்த மணல் மேற்கொண்டு உருமாறாது, லேசாகப் பின்வாங்கி அப்படியே நின்றுவிடும். அழுத்தும் இயந்திரம் கொடுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் பட்டை மட்டுமே வாங்கிக்கொள்கிறது.

உள்ளே துகள்கள் சறுக்குவதைவிட அதிகமாக உருளுகின்றன. ஓடாவும் கசாமாவும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டைக்குள் துகள்கள் பெருமளவு சுழன்றிருப்பதையும், சங்கிலிகள் வளைந்த இடங்களில் துகள் அளவுக்கே பெரிய வெற்றிடங்கள் உண்டாகியிருப்பதையும் காட்டினார்கள். பிரான்சின் கிரனோபிள் நகரில் டெரூ குழுவினர் எக்ஸ்ரே டோமோகிராஃபியில் சாம்பிளை வெட்டாமலே உள்ளே பார்த்து, பட்டைக்குள் மணல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். இன்றைய கருவிகளால் சாம்பிளிலுள்ள ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பின்தொடர முடிகிறது. மண்ணியலில் இவ்வளவு நேரடியான சாட்சி கிடைப்பது அபூர்வம்.

சாம்பிளைச் சரியாகத் தயாரித்தால் பட்டை விழாது என்று எங்கள் லேபில் சொல்கிறார்களே?

அது தவறான நம்பிக்கை. ஓரிடத்தில் மணல் கொஞ்சம் தளர்வாக விழுந்திருந்தால் பட்டை அங்கே தொடங்கும், அவ்வளவுதான். அப்படி ஓர் இடமே இல்லாத சாம்பிளிலும் பட்டை விழும். ருட்னிக்கியும் ரைஸும் 1975-இல் இதைக் கணித வழியில் நிறுவினார்கள். உராய்வால் பலம் பெறும் பொருள் ஒன்றில், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒரே சீரான உருமாற்றம் மட்டுமே ஒற்றை விடையாக இருப்பதில்லை. ஒரு பட்டைக்குள் மட்டும் உருமாறுவதும் சமன்பாடுகளுக்குப் பொருந்தும் இன்னொரு விடையாகிவிடுகிறது. மணலின் விரிவுக் கோணம் அதன் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவு என்பதால் அந்தக் கட்டம் சீக்கிரமே வருகிறது. ஒரு பக்கம் விரிய வழியில்லாதபடி அடைக்கப்பட்ட தளத்திரிபு நிலையில் உச்சத்துக்கு முன்பே வரலாம். நீண்ட தடுப்புச் சுவர், சாலைக் கரை, மெட்ரோ சுரங்கம் எல்லாம் இந்த நிலையை ஒத்தவை. டிரையாக்ஸியலில் சாம்பிள் முதலில் பீப்பாயாகப் பருத்து, உச்சத்தைத் தாண்டிய பிறகே பட்டை தெளிவாகத் தெரிவது வழக்கம்.

பட்டை எந்தக் கோணத்தில் விழும்?

மூன்று விடைகள் உண்டு, மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. மேலிருந்து அமுக்கும்போது கிடைமட்டத்திலிருந்து அளந்தால், கூலம்ப் வழியில் 45 டிகிரியோடு உராய்வுக் கோணத்தின் பாதி. கேம்பிரிட்ஜின் ராஸ்கோ 1970-இல் சொன்னபடி 45-ஓடு விரிவுக் கோணத்தின் பாதி. ஆர்தர் குழுவினர் 1977-இல் சொன்னபடி இரண்டுக்கும் நடுவே. உராய்வு 40 டிகிரி, விரிவு 10 டிகிரி என்றால் முறையே 65, 50, 57.5 டிகிரி வரும். சோதனைகளில் நுண்மணல் கூலம்ப் பக்கமும் பருமணல் ராஸ்கோ பக்கமும் சாய்கின்றன.

கூலம்ப் இதை 1773-இல் பாரிஸ் அகாதமியில் வாசித்தார், 1776-இல் அச்சானது. ராணுவப் பொறியாளராக மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிய அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது. மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்தவர் மண்சுவரிலிருந்து தொடங்கியவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தளர்வான மணலில் பட்டை விழாதா?

டிரையாக்ஸியலில் பெரும்பாலும் தெரியாது. தளர்ந்த மணல் விரியாமல் சுருங்கும், உச்சம் என்று ஒன்று தனியாக இருக்காது, சாம்பிள் பருத்துக்கொண்டே போகும். ஆனால் தளத்திரிபு நிலையில் தளர்ந்த மணலிலும் பட்டை பதிவாகியிருக்கிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: கிட்டித்த மணலின் பட்டை விரிந்து விரிந்து ஓர் அளவோடு நிற்கும், தளர்ந்த மணல் சுருங்கிச் சுருங்கி அதே அளவை நோக்கி வரும். கசாகிராண்டே 1936-இல் சொன்ன அந்த எல்லை வெற்றிட விகிதத்தை (துகள்களின் கன அளவுக்கு இடைவெளிகளின் கன அளவு எத்தனை பங்கு என்பதை) டெரூ குழுவினர் 1996-இல் பட்டைக்குள்ளேயே அளந்து காட்டினார்கள். சாம்பிள் முழுவதின் சராசரியை எடுத்தால் கிட்டித்த மணல் அந்த அளவை எட்டவே எட்டாததுபோலத் தெரியும். பட்டைக்குள் பார்த்தால் எட்டியிருக்கும்.

விசைக்கும் திரிபுக்கும் (உயரத்தில் எத்தனை பங்கு குறுகியது என்பதற்கும்) வரையும் கர்வில், உச்சத்துக்குப் பிறகு வரும் பகுதியை எப்படிப் படிப்பது?

ரொம்பக் கவனமாக. நான் சொல்ல வந்ததில் மிக முக்கியமானது இதுதான்.

38 மி.மீ. விட்டம், 76 மி.மீ. உயரம் உள்ள சாம்பிள். பட்டை 10 மி.மீ. தடிமன், சாய்வு 60 டிகிரி. உச்சத்துக்குப் பிறகு, இறக்கத்தை அளக்கும் டயல் கேஜ் இன்னும் 2 மி.மீ. நகர்ந்திருக்கிறது. 2-ஐ 76-ஆல் வகுத்து 2.6 சதவீதத் திரிபு என்று ஷீட்டில் எழுதுகிறோம். ஆனால் உயரம் முழுவதும் அந்தத் திரிபு இல்லை. 2 மி.மீ. இறக்கம் முழுவதும் பட்டை வழியாக நடந்திருக்கிறது. 60 டிகிரி சாய்வில் அது சுமார் 2.3 மி.மீ. சறுக்கல், 10 மி.மீ. தடிமனில் வகுத்தால் 23 சதவீதச் சறுக்குத் திரிபு. பட்டைக்கு வெளியே கிட்டத்தட்ட பூஜ்யம். 2.6 என்ற எண் சாம்பிளின் எந்தத் துளியிலும் நடக்கவில்லை.

அதே மணலை 76-க்குப் பதில் 150 மி.மீ. உயரத்தில் சோதித்தால் உச்சத்துக்குப் பிந்தைய கர்வ் இன்னும் செங்குத்தாக இறங்கும். மணல் மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது. ஆகவே உச்சத்துக்குப் பிந்தைய சரிவை மணலின் குணம் என்று எடுத்து மென்பொருளில் போடாதீர்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. 38-க்கு 76 என்ற அளவில் மூலைக்கு மூலை போகும் கோடு 63.4 டிகிரி. பட்டை அதைவிடச் செங்குத்தாக விழ விரும்பினால் மேலேயோ கீழேயோ உள்ள தகட்டில் மோதாமல் முடியாது. மிகக் கிட்டித்த நுண்மணலில் கோணம் 60-ஐ ஒட்டியே நிற்பதைப் பார்த்தால், மணல் அதைத் தேர்ந்ததா, தகடு தள்ளியதா என்று கேளுங்கள்.

டைரக்ட் ஷியர் பெட்டியில் இந்தத் தொல்லை இல்லையே?

மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாகப் பிரிந்த பெட்டியில் மணலை நிரப்பி, ஒரு பாதியை மட்டும் பக்கவாட்டில் தள்ளும் சோதனை அது. அங்கே பட்டை எங்கே விழ வேண்டும் என்று பெட்டியே கட்டளையிட்டுவிடுகிறது. 60 மி.மீ. சதுரப் பெட்டியில் சறுக்கல் இரு ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவுக்கு வரும். நடு உச்சத்தைத் தொடும்போது ஓரங்கள் உச்சம் தாண்டியிருக்கலாம். எளிய, மலிவான, பயனுள்ள சோதனைதான். அதில் திரிபு என்று எதையும் எழுதாமல் இடப்பெயர்ச்சி என்று மட்டும் எழுதினால் போதும்.

மணலில் தண்ணீர் நிறைந்திருந்தால்?

தண்ணீர் உள்ளே வர வழி இருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். வழியை அடைத்துவிட்டால், கிட்டித்த மணல் விரிய முயலும்போது துளைநீர் அழுத்தம் இறங்கும், துகள்கள் இன்னும் இறுக்கமாகப் பிணையும், பட்டை விழுவது தள்ளிப்போகும். நீரழுத்தம் காற்றே இல்லாத வெற்றிடத்தின் (வேக்யூம்) அளவுக்கு அருகே இறங்கி குமிழி கட்டத் தொடங்கினால் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். உடனே பட்டை விழும்.

கம்ப்யூட்டர் மாடலில் பட்டை தெரிகிறது. அதை நம்பலாமா?

மெஷ்ஷை, அதாவது மாடலில் மண்ணைப் பிரித்திருக்கும் சிறு கட்டங்களின் அளவை, பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். பட்டையின் தடிமனும் பாதியானால், நீங்கள் பார்த்தது மெஷ்ஷின் அகலத்தை. சாதாரண ஃபைனைட் எலிமெண்ட் மாடலுக்குத் துகளின் அளவு தெரியாது. அதனால் பட்டை எவ்வளவு குறுகலாக வேண்டுமானாலும் ஆகலாம். பிரெஞ்சுச் சகோதரர்களான கொசரா இருவரும் 1909-இல், ஒவ்வொரு புள்ளியும் நகர்வதோடு சுழலவும் கூடிய தொடர்பொருள் கோட்பாட்டை எழுதினார்கள். அதைப் பயன்படுத்தி மியூல்ஹவுஸும் வர்துலாக்கிஸும் 1987-இல் பட்டையின் தடிமனைத் துகள் விட்டத்தோடு இணைத்தார்கள். இன்னொரு வழி கண்டாலும் ஸ்ட்ராக்கும் 1979-இல் தந்த டிஸ்கிரீட் எலிமெண்ட் முறை: துகள் ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிடுவது. அதில் வெறும் உருண்டைகளை வைத்தால் அவை அளவுக்கு மீறி உருளும். உருள்வதற்கும் ஒரு தடை கொடுத்தால்தான் சோதனையில் காணும் பெரிய வெற்றிடங்கள் மாடலிலும் வரும்.

சென்னையில் வேலை செய்பவருக்கு இதனால் என்ன?

திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கரையோரப் பகுதிகளில் மணல்மேல் அஸ்திவாரம் போடுபவர்கள், மண்ணின் தாங்குதிறனைக் கணக்கிடும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 6403-ஐத் திறக்கிறார்கள். அதில் கிட்டித்த மணலுக்கு முழுச் சறுக்கல் உடைவு, தளர்ந்த மணலுக்கு உள்ளூர்ச் சறுக்கல் உடைவு என்று பிரித்திருக்கிறது. ஒப்படர்த்தி (மிகத் தளர்ந்த நிலைக்கும் மிகக் கிட்டித்த நிலைக்கும் நடுவே மணல் எங்கே இருக்கிறது என்பது) 70 சதவீதத்துக்கு மேல் முதலாவது, 20-க்குக் கீழ் இரண்டாவது. இரண்டாவதில் உராய்வுக் கோணத்தின் டேன்ஜென்டை மூன்றில் இரண்டாகக் குறைக்கச் சொல்கிறது. அடியிலிருந்து தரைவரை பட்டை தெளிவாக உருவாகி எட்டுவது முதல் வகை. பட்டை முழுசாக உருவாகும் முன்பே அஸ்திவாரம் நிறைய இறங்கிவிடுவது இரண்டாவது வகை.

பேஸ்மென்ட் தோண்டும்போது தடுப்புச் சுவர் உள்ளே சாய்ந்தால் பின்னாலிருந்து இறங்கும் மண் ஆப்பின் எல்லையும் ஷியர் பேண்ட்தான். அதன் நெடுகிலும் மணல் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. கீழ்ப்பகுதி உச்சம் தாண்டித் தளர்ந்திருக்க, மேல்பகுதி இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். லேபில் உச்ச உராய்வுக் கோணமாகக் கிடைத்த, உதாரணமாக 42 டிகிரியை முழு நீளத்துக்கும் போடுவது ஆபத்து. நிலைமாறா நிலைக் கோணத்தை வைத்துக் கணக்குப் போட்டு, உச்சத்தைக் கையிருப்பாக விடுவதே என் வழக்கம். பக்கத்து வீட்டுச் சுவர் இரண்டடி தள்ளி நிற்கும் நம் ஊர் மனைகளில் இதற்குக் குறைவாக எதையும் ஏற்க எனக்கு மனம் வராது.

எம்-சாண்டிலும் பட்டை விழுமா?

விழும். கோணல்மாணலான துகள்கள் உருள அதிகத் தடை கொடுக்கும். ஆற்று மணலைவிட உச்சம் உயரமாக வரும், விரிவும் கூடும். உச்சம் கூடினால் இறங்கும் உயரமும் கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விண்வெளியில் மணலை அமுக்கிப் பார்த்தார்களாமே, உண்மையா?

உண்மை. பூமியில் மணலின் சொந்த எடையே சாம்பிளின் அடிக்கும் மேலுக்கும் வேறு வேறு அழுத்தம் கொடுத்துவிடும். மிகக் குறைந்த அழுத்தத்தில் மணல் எப்படி நடக்கிறது என்று பார்க்க எடையற்ற நிலை தேவைப்பட்டது. நாசா 1996-இலும் 1998-இலும் விண்கலத்தில் சாம்பிள்களை அனுப்பிச் சோதித்து, திரும்பியதும் எக்ஸ்ரே டோமோகிராஃபியில் பார்த்தது. 2003-இல் கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியாவின் கடைசிப் பயணத்திலும் இந்த மணல் சோதனை இருந்தது.

வீட்டிலேயே பட்டையைப் பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவும் குறைவு. சிறிய கண்ணாடி மீன்தொட்டி, காய்ந்த சலித்த மணல், கலர் கோலப்பொடி, தொட்டியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய பிளைவுட் துண்டு. பிளைவுட்டை நடுவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் மணலைக் கொட்டுங்கள். ஒவ்வொரு இரண்டு செ.மீ.க்கும் கண்ணாடியை ஒட்டிக் கோலப்பொடியால் ஒரு கோடு இழுத்து, தொட்டியின் பக்கத்தைத் தட்டித் தட்டி மணலைக் கிட்டியுங்கள். பிறகு பிளைவுட்டை நேராகவே, மணலை விட்டு விலகும்படி ஒன்றிரண்டு மில்லிமீட்டராக நகர்த்துங்கள்.

முதல் நகர்வில் எதுவும் தெரியாது. அடுத்தடுத்த நகர்வில் கோலப்பொடிக் கோடுகள் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் படி இறங்கும். அந்தப் படிகளைச் சேர்த்தால் பிளைவுட்டின் அடியிலிருந்து மேற்பரப்புக்கு ஏறும் சாய்கோடு கிடைக்கும். கோடுகள் அறுந்து கலங்கியிருக்கும் அகலம்தான் பட்டையின் தடிமன். அதற்கு இருபுறமும் கோடுகள் நேராகவே இருக்கும். கண்ணாடிமேல் கோணமானியை வைத்து அளந்தால் 60 டிகிரியை ஒட்டி வர வேண்டும். பிளைவுட்டை மணலுக்குள் தள்ளிப் பார்த்தால் பட்டை மிகப் படுத்து, 25 டிகிரியை ஒட்டி, தொட்டியின் பாதி நீளத்துக்கு ஓடும். அதனால் தள்ளும் பக்கம் நீளமான தொட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் உராய்வு ஓரத்தில் கோட்டைக் கொஞ்சம் வளைக்கும். ஆகவே மேலே தரையில் விழும் பிளவை நடு அகலத்தில் அளந்து, அதிலிருந்தும் கோணத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.